கிணற்றில் எத்தனை அடி?

எனக்கு யாரோடும் சண்டை பிடிக்கும் உத்தேசம் இல்லை. ஆனாலும் சென்ற மாதம் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. 'நீடித்த வளர்ச்சிக்குச் சமூக ஊடகங்களின் வழியே கூட்டுக் கல்வி' என்பது அங்கே விஷயம். நீண்ட பெயர், குளிரூட்டிய அறை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். பேசியவர்கள் அத்தனை பேரும் ஒன்றையே வெவ்வேறு குரலில் சொன்னார்கள். கைப்பேசி எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஆகவே ஜனங்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டு இந்தப் பூமியைக் காப்பாற்றிவிடுவார்களாம்.

அந்த 'ஆகவே' இருக்கிறதே, அதன் மேல்தான் எனக்குக் கோபம்.

ஒருவர் நல்லவாட்டை உதாரணம் காட்டினார். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவக் கிராமம் அது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். 3,500-க்கும் அதிகமான ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். "பார்த்தீர்களா, தொழில்நுட்பத்தின் வெற்றி!" என்றார் பேச்சாளர். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. அந்த ஊரைக் காப்பாற்றியது ஒரு தொலைபேசி மணியும் ஒரு ஒலிபெருக்கியும் மட்டும்தானா? நம்மூரில் ஒலிபெருக்கிக்கா பஞ்சம்? ஆடி மாதம் முழுக்கக் காது கிழிகிறது! எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் அமைத்த மையங்களில் ஒன்று அது. ஊராரிடம் போய், 'உங்களுக்கு எது தெரிய வேண்டும்?' என்று முதலில் கேட்டார்கள். கடலோர ஊர்களில், 'நாளைக்கு அலை எத்தனை உயரம் இருக்கும்?' என்று தெரிந்தால் போதும் என்றார்கள். அந்தக் கணக்கை அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மையத்துக்கு இடம் ஊர் கொடுக்க வேண்டும். எந்த ஜாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. கேட்ட சேதி பொய்யானால் படகில் போகிறவனுக்கு உயிர் நஷ்டம். அடுத்த நாளே வந்து சண்டை போடுவான். இப்படிப் பழகிய காது என்பதால்தான் அன்று 'ஓடு' என்றவுடன் ஊர் ஓடியது. இந்தப் பகுதியை மட்டும் பேச்சாளர் விட்டுவிட்டார்.

சரி, அது மீனவர்கள் கதை. படித்தவர்களான நம் கதைக்கு வருவோம்.

2019-ஆம் வருஷக் கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் அடுக்குமாடிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீரைப் பற்றி அந்த நாட்களில் அதில் வந்த செய்திகள், அடேயப்பா! கேப்டவுன் நகரத்தின் கதை, இஸ்ரேலின் சொட்டு நீர், பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்று ஒரு குழந்தையின் படம். எவரோ எழுதியதை எவரோ அனுப்ப, நாம் அதை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டு, தேசத் தொண்டு செய்த திருப்தியோடு லாரிக்குப் பணம் கட்டினோம். அனுப்புவது ஒரு காரியம், அறிவது வேறொரு காரியம் என்று நமக்குத் தோன்றவே இல்லை. குழுவில் 256 பேர் வரை இருக்கலாம் என்றிருந்ததை 2022-இல் 1,024 ஆக்கினார்கள். 1,024 வாய், காது எத்தனை என்று யாராவது கேட்டார்களா?

பழைய வீட்டை இடித்துக் கட்டிய கட்டிடம் எங்களுடையது. அந்த வீட்டின் கிணறு மட்டும் தப்பியிருக்கிறது. மூன்றாம் மாடியில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பார்த்தார். 'தண்ணீர் 31 அடிக்குக் கீழே' என்று குழுவில் எழுதினார். அவ்வளவுதான். அடுத்த வாரம், '32 அடி.'

வந்ததே கோபம்! சங்கத்துச் செயலாளர் நேரில் வந்தார்.

"சார், இதையெல்லாம் குரூப்பிலே போடலாமா? வெளியே தெரிந்தால் ஃபிளாட் விலை என்ன ஆகிறது?"

"விலையைப் பற்றி நான் எழுதவில்லையே. தண்ணீரைப் பற்றித்தானே எழுதினேன்?" என்றார் பெரியவர்.

கேப்டவுனில் தண்ணீர் இல்லை என்று எழுதலாம். நம் கிணற்றில் இல்லை என்று எழுதக் கூடாது. இதுதான் நம்முடைய கூட்டுக் கல்வி!

அக்டோபரில் மழை பிடித்தது. பெரியவர் விடாமல் எழுதினார்: 32 அடி, மறுபடியும் 32. முதல் மாடி அம்மாள் ஒருவர், "இவ்வளவு மழை பெய்தும் கிணறு ஏன் ஏறவில்லை?" என்று கேட்டார். அந்தக் குழுவில் யாரோ யாரையோ உண்மையாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டு இன்ஜினீயர்கள் நிலத்தடிப் பாறையைப் பற்றி நீளமாகப் பதில் எழுதினார்கள். பெரியவர் கீழே இறங்கிப் போய்க் காவல்காரரைக் கேட்டார்.

"மொட்டை மாடிக் குழாய் கிணத்துக்கு வரலீங்க சார். ரோட்டுக் கால்வாய்க்குப் போவுது. ரெண்டு வருசமா அப்படித்தான்."

"ஏம்பா, சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாரும் கேக்கலீங்களே."

2003-இலேயே தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் கட்டிடத்திலும் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. குழாயை யாரோ எப்போதோ மாற்றிவிட்டார்கள். அது தெரிந்த ஒரே மனிதர் குழுவில் இல்லை, ஏனென்றால் குழு 'சொந்தக்காரர்களுக்கு மட்டும்.' நல்லவாட்டில் போட்ட நிபந்தனையின் அருமை எனக்கு அன்றுதான் விளங்கியது.

கைப்பேசியைத் தூக்கிக் கடலில் எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களும் அதைக் கைப்பேசியில்தான் எழுதுகிறார்கள்! பெரியவர் எழுதியதும் அதில்தான். அம்மாள் கேட்டதும் அதில்தான். ஆனால் ஒருவர் கயிறு பிடிக்க, இன்னொருவர் கேட்க, தெரிந்தவன் சொல்ல இடம் இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் வகுத்த 17 இலக்குகளையும் கைப்பேசியில் ஏற்றிவைத்தாலும் ஒரு குடம் தண்ணீர் ஊறாது.

குழாயைத் திருப்ப மூன்று வாரம் சண்டை. செலவு யாருடையது என்பதில் இருவர் இன்றுவரை பேசுவதில்லை. காவல்காரரைக் குழுவில் சேர்த்தாயிற்று; அதற்காக ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். அந்த மழைக்காலம் முடியுமுன் பெரியவர் 19 அடி என்று எழுதினார்.

எங்கள் கிணற்றுக்கு வரும் ஊற்று பக்கத்துக் கட்டிடத்தின் அடியிலும்தானே ஓடுகிறது? அவர்கள் சங்கத்துச் செயலாளருக்கு நானே எழுதினேன்: 'உங்கள் கிணற்றில் எத்தனை அடி?' மறுநாள் காலை பதில் வந்தது. வள்ளுவர் படம், இரண்டு ரோஜாப் பூ, காலை வணக்கம், தண்ணீரின் பெருமையைப் பற்றிப் பத்து வரி. மேலே, பல முறை அனுப்பப்பட்டது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி.