எண்ணெய் எங்கே நின்றது?

இரண்டாம் உலகப்போருக்குப்பின் எஞ்சிய அமெரிக்கப் படை டிராக்டர்களைக் கொண்டு 1947-இல் மத்திய டிராக்டர் நிறுவனம் வேலையைத் தொடங்கிற்று. நடு இந்தியாவின் கரிசல் நிலங்களில் ஆழ வேரோடிய கான்ஸ் புல்லை உழுதெறிவதற்கு இயந்திரம் வாங்கவென்றே 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் வழங்கியது. சங்கிலிப்பட்டை டிராக்டர் நம் நாட்டில் பெயர்பெற்றது அக்காலத்தில்தான். அவ்வகைப் பழைய வண்டியை, குறிப்பாகக் கேட்டர்பில்லர் டி-2, டி-4 போன்றவற்றை, வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படுமென்று இம்மாதம் அதன் எரிபொருள் வழியைப்பற்றிச் சிறிது கூறப் புகுகின்றோம்.

வண்டி இழுக்கத் திணறினாலும், நடுவயலில் நின்றாலும், பலர் முதலிற் கைவைப்பது இன்ஜெக்ஷன் பம்பின்மீதே. இது பெருந்தவறு என்பது எம் கருத்து. அதன் உள்ளுறுப்புகள் தலைமயிரினும் மிக நுண்ணிய இடைவெளியில் பொருந்தியவை. வயற்புழுதியிற் பிரித்தால் கெடாததும் கெடும். அது பழுது தீர்ந்து திரும்புவதற்குள் விதைப்புக்காலம் போய்விடும்.

சரக்கொன்று வந்து சேராவிடில், புறப்பட்ட நிலையம் தொடங்கி ஒவ்வொரு நிலையமாகக் கேட்டு, எங்கே நின்றதென்று காண்பது எம் அலுவலக வழக்கம். எண்ணெயையும் அவ்வாறே தொடர்தல் வேண்டும்.

புறப்படும் நிலையம் தொட்டி. அதன் மூடியில் காற்று புகச் சிறுதுளை உண்டு. அது தூசியால் அடைபட்டால் வண்டி சிறிதுநேரம் நன்றாக ஓடிப் பின் நிற்கும். சற்றுக் கழித்து மீண்டும் ஓடும். பேய்பிடித்ததென்று மயங்க வேண்டா! மூடியைத் திறக்கையில் காற்று 'உஸ்' என்று உட்புகுந்தால் குற்றம் அங்கேயே. அடுத்தது நீர். பாதி நிரம்பிய தொட்டியில் இரவுக்குளிரில் நீர் கோத்து அடியில் தங்கும். ஆதலின் மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுக. காலையில், வண்டியை அசைக்குமுன், அடிக்குழாயைத் திறந்து நீரும் வண்டலும் போக்குக.

பின்னர் பில்டர். இவ்வண்டிகளில் எரிபொருள் அழுத்தத்தைக் காட்டும் முள் உண்டு. பலர் அதனைப் பார்ப்பதேயில்லை. பில்டர் அடைபட அடைபட முள் தாழும். பில்டரை மாற்றியும் முள் எழாவிடில், எண்ணெயை முன்தள்ளும் சிறுபம்பையும் அதன் வால்வையும் ஐயுறலாம். தொடக்கத்திற்கென அமைந்த சிறிய பெட்ரோல் என்ஜின் முழங்கி ஓடுவதுகொண்டு டீசற்பகுதி நலமென்று கொள்ளலாகாது; அதற்குத் தொட்டியே வேறு. அது பெரிய என்ஜினைச் சுழற்றும்போது முள் எழுகிறதா என்பதே பார்க்கத்தக்கது.

பில்டரைத் திறந்தபின் குழாய்களிற் காற்று நிற்கும். பெரிய என்ஜினைச் சுழலவிட்டு, காற்றுப்போக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியில்லாத எண்ணெய் வரும்வரை விட்டு மூடுக. மீண்டும் மீண்டும் காற்று சேர்ந்தால், உறிஞ்சும் பக்கத்து இணைப்பொன்று தளர்ந்திருக்கலாம். அங்கே எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு.

இத்தனையும் சரியாயிருந்து, என்ஜின் மட்டும் தடுமாறி ஓடினால், மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர்க் குழாயின் மறையை ஒவ்வொன்றாகச் சிறிதே தளர்த்திப் பார்க்க. எதனைத் தளர்த்தினாலும் ஓட்டம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. அதன் இன்ஜெக்டரை மட்டும் கழற்றிச் சோதனைச் சாலைக்கு அனுப்பினாற் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்குழாயின் கசிவைக் கைவிரலாற் தடவிப் பார்க்கவே கூடாது; ஓர் அட்டைத்துண்டை நீட்டிப் பார்க்க. உயரழுத்தத்திற் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே பரவும். வெளியே ஊசி குத்தினாற்போன்ற புள்ளியொன்றே தெரியும். முதலில் நோவும் மிகுதியாயிராது. அதுகண்டு வீட்டில் மஞ்சள் தடவிக் காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனைக்குச் சென்று, உள்ளே பாய்ந்தது டீசல் என்று மருத்துவரிடம் சொல்லுக. காலந்தாழ்ந்தால் விரலையே இழக்க நேரும்.