பாவு நீட்டிய தெருவும் சன்ரூஃப் காரும்

ஆரணியில் கார் வாங்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், பட்ஜெட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. உங்கள் தெருவில் பாவு நீட்டுகிறார்களா என்றுதான் முதலில் கேட்பேன். நெசவுத் தெருவில் வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நெடுக்கு இழைகளை, தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையைத் தேடி முடிபோடுவார்கள். அந்த நேரத்தில் கலெக்டர் வண்டியே வந்தாலும் வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். "பாவு கீதுக்கா, அப்டியே பின்னால எடு" என்று வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் கையைக் காட்டுவார். எடுத்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் திண்ணை.

நான் பட்டுச் சேலை வியாபாரி. நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையாக வாங்கி, காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோகிற வேலை. கொசப்பாளையம், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று வாரம் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்தபடிதான் போகும். டிரைவர் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊருக்கு ரயில் என்றால் களம்பூருக்குப் போய்த்தான் ஏற வேண்டும். அந்த ஸ்டேஷனுக்கு ஆரணி ரோடு என்று பெயர் வைத்ததோடு ரயில்வே தன் கடமையை முடித்துக்கொண்டது. ஆகவே வேலூர் சுமார் 40 கிலோமீட்டர், காஞ்சிபுரம் 60-க்கு மேல், சென்னை 130-க்கு மேல், எல்லாமே ரோட்டில்தான்.

இந்த ரோட்டில் ஒரு கார் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்பதை அது எத்தனை இடத்தில் தயங்குகிறது என்று எண்ணித்தான் சொல்ல முடியும். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறனுக்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். தெருமுனையில் ஒரே வெட்டில் திரும்பாமல் மூன்று முறை முன்னும் பின்னும் ஆட்டுகிற கார் மெதுவான கார். வேகத்தடையில் அடிவயிறு உரசுமோ என்று கோணலாக ஏறி இறங்குகிற காரும் மெதுவான கார்தான். அது ஹைவேயில் 160-ஐத் தொடும் என்பதை வைத்து நான் என்ன செய்வது?

நெசவுத் தெருக்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. 1984-இல் வந்து 2019-இல் நின்றுபோன மாருதி ஆம்னியை எங்கள் தொழிலில் கொண்டாடினார்கள் என்றால், அதற்குக் காரணம் அதன் கதவு. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. எதிர்த் திண்ணையில் இடிக்காமல், சந்துக்குள் நின்ற இடத்திலேயே சேலை மூட்டையை ஏற்றலாம். பின்சீட்டைக் கழற்றிவிட்டால் பாவு உருளை, ராட்டை, தறிச் சாமான் எல்லாம் படுத்துக்கொள்ளும். சின்ன வண்டி, நின்ற இடத்தில் திரும்பும். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்ததால் கத்திரி வெயிலில் உட்காரும் இடம் தோசைக்கல்தான். ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம், அவ்வளவே பாதுகாப்பு. இன்றைய விதிகளுக்கு அது தாங்காது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் தங்கள் தெருவின் அகலத்தை அளந்து வாங்கினார்கள் என்பதை மறக்க முடியவில்லை. இன்று பலர் பக்கத்து வீட்டுக் காரின் அகலத்தை அளந்து வாங்குகிறார்கள்.

வேகத்தடைக்கு வருகிறேன். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அந்த அகலத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு விபத்து நடந்த மறுநாள் ஊரே சேர்ந்து ஒரு லோடு ஜல்லியைக் கொட்டிக் கட்டிய தடைகள் அவை. அகலம் ஒரு முழம், உயரம் ஊர்க்காரர்களின் கோபத்தைப் பொறுத்தது. அதனால் தரையிடைவெளி முக்கியம். ஸ்விஃப்டுக்கு 163 மில்லிமீட்டர், வேகன் ஆருக்கு 165, ஹூண்டாய் எக்ஸ்டருக்கு 185, டாடா பஞ்சுக்கு 187 என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஐந்து பேரும் மூட்டையும் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும். ஆகவே 165-க்கும் 187-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், குடும்பத்தோடு படவேடு கோயிலுக்குப் போகும்போது அடியில் கேட்கிற சத்தத்தில் அது தெரிந்துவிடும்.

திரும்புகிற விஷயத்தில் வேகன் ஆரை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆரம் 4.7 மீட்டர். நிமிர்ந்து உட்காரலாம், நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும், வயதானவர்கள் குனியாமல் ஏறலாம். எங்கள் தெருவுக்கென்றே செய்த வண்டி என்று சொல்லியிருப்பேன். ஆனால் 2023 ஏப்ரலில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அதற்கு 1 நட்சத்திரம்தான் கிடைத்தது. உடற்கூடு நிலையற்றது என்றும் குறித்தார்கள். 2025-இல் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டது, நல்லது. ஆனால் கூடு வேறு, பை வேறு. அதே அமைப்பு 2021-இல் பஞ்சைச் சோதித்தபோது இரண்டே ஏர்பேக்கோடு 5 நட்சத்திரம் கொடுத்தது. வேலூர் ரோட்டில் எதிரெதிரே பறக்கும் தனியார் பஸ்களைப் பார்க்கிறவள் என்பதால் கூடு உறுதியான கார் பக்கம்தான் நிற்கிறேன். என் கார் எது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது விளம்பரமாகிவிடும்.

அடுத்தது முந்திச் செல்வது. செய்யாறு வழியாகக் காஞ்சிபுரம் போகிறவர்களுக்குக் கரும்பு டிராக்டர் தெரியும். அரவை நடக்கும் மாதங்களில் இரண்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல், ரோட்டின் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் சிப்காட் கம்பெனி பஸ்கள். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் 40-லிருந்து 80-க்கு எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதே எனக்கு வேண்டிய வேகம். ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவுக்கு ஒரு ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு, காலி ரோட்டில் ஒரு ரவுண்டு அடித்து, "எப்படி மேடம் பிக்கப்?" என்பார்கள். அது பிக்கப்பே இல்லை. வீட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிப் போங்கள். ஏசியை முழுக்க வையுங்கள். மதியம் இரண்டு மணி வெயிலில், ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். சில ஒரு லிட்டர் எஞ்சின்கள் அப்போது யோசிக்க ஆரம்பிக்கும். 1.2 லிட்டராவது இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி பற்றிக் கேட்பார்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு, முழங்கால் வலிக்கு, அது வரம். இருவழி ரோட்டில் முந்தும்போது கியரை மாற்ற அது எடுத்துக்கொள்கிற அந்த ஒரு மூச்சு நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. கியரை நானே போட்டுக்கொள்கிறேன்.

இனி சன்ரூஃப். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் அடங்கும் 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானது. முன்பு 28 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் இருந்தன. மிச்சமான பணத்தில் என் மகன் கேட்டது கூரையில் ஒரு கண்ணாடி. வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ஆரணி மட்டும் ஊட்டியாகிவிடாது. மே மாதத்தில் கூரையைத் திறந்து எதைப் பார்ப்பது? மழைக்காலத்தில் திறக்க முடியாது, மார்கழியில் திறந்தால் சளி பிடிக்கும். வருஷத்தில் ஆடிக் காற்று மிச்சம், அதில் திறந்தால் புழுதி. அந்தப் பணத்துக்குப் பின்சீட்டுக்கு ஏசி துவாரமும், பின் கண்ணாடிக்கு வைப்பரும், டீஃபாகரும் உள்ள மாடலை எடுக்கலாம். மார்கழி விடியலில் கண்ணமங்கலம் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்துப் பனி கண்ணாடியில் படியும்போது டீஃபாகரின் அருமை தெரியும்.

வெயிலில் என் பயம் வேறு. பின்கண்ணாடி வழியாக வெயில் விழுந்தால் பட்டுச் சேலை மடிப்பு மடிப்பாக வெளுத்துவிடும். மடிப்பில் வெளுத்த சேலையை எந்தக் கடையும் எடுக்காது, நெசவாளரின் உழைப்பு அத்தனையும் போச்சு. கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம் என்றால் 2012-இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதனால் மூடி வைக்கக்கூடிய டிக்கி வேண்டும், வெள்ளைப் பெயின்ட் வேண்டும். சிஎன்ஜி வண்டியில் மிச்சம் பிடிக்கலாமே என்பார்கள். பின்னால் படுத்திருக்கும் சிலிண்டர் என் சேலைகளின் இடத்தில்தான் படுத்திருக்கும். இரண்டு சின்ன சிலிண்டர்களை டிக்கித் தரைக்கு அடியில் வைக்கிற ஏற்பாட்டை டாடா 2023-இல் கொண்டுவந்தது, அது பரவாயில்லை.

மின்சாரக் கார் பற்றி ஒரு வார்த்தை. சொந்தமாக ஷெட் இருக்கிற ரைஸ் மில்காரர்கள் தாராளமாக வாங்கலாம். வேலூர் போய்த் திரும்பும் தூரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, முந்தும்போது தயக்கமும் இல்லை, ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். தெருவிலேயே வண்டியை விடுகிற நாங்கள் மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு, அதன் கீழே காலையில் பாவு நீட்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியவில்லை. கமண்டல நாகநதி வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே ராத்திரியில் தரைப்பாலத்தை மூடிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் மாவட்டம் முழுக்கக் கொட்டியது; மறுநாள் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த மாதிரி நாட்களில் உயரமான கார் என்ற தைரியமே ஆபத்து. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் கார் சிக்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். 187 மில்லிமீட்டர் என்பது ஒரு சாண் அளவுக்கும் குறைவு. சுரங்கப்பாதையில் நீர் நின்றால் திரும்பிவிட வேண்டும், எந்தக் கார் என்றாலும்.

நீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகக்கூடாது என்பதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் சொல்லித்தருவதில்லை. காற்று உறிஞ்சும் வழியாக நீர் எஞ்சினுக்குள் போயிருக்கும். பிஸ்டன் காற்றை அமுக்கும், நீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சன்ரூஃப் விலையில் அதைப் பல வருஷம் கட்டலாம்.

டயரில் என் கஞ்சத்தனம் செல்லாது. பெரிய அலாய் வீலில் டயரின் பக்கச் சுவர் மெலிந்துபோகும்; எங்கள் பள்ளங்களில் அது வெடிக்கும், வீலும் வளையும். தடித்த பக்கச் சுவர் உள்ள 14 அல்லது 15 அங்குலம் போதும். டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. புதுக் காரில்கூட ஐந்து டயரிலும் அதைப் பாருங்கள். வைப்பர் ரப்பர் கோடையில் வெந்து, ஐப்பசியில்தான் காட்டிக்கொடுக்கும். ஆவணியிலேயே மாற்றிவிடுவது என் வழக்கம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைத்து, சென்ட் அடித்து, தை பிறந்ததும் நம் பக்கம் மலிவாக வந்து நிற்கும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேறு ஏறிய கோடு தெரியும், அதைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை. சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று கை விட்டுத் தடவுங்கள். கோடும் துருவும் இருந்தால், அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.