ஒன்று போதுமாம்!

"ஒற்றையாய் வளர்த்தால்தான் சார், நம்மிடம் ஒட்டும்!"

இந்த மகத்தான சித்தாந்தத்தை உப்பளத்தில் மட்டும் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். மூன்றிலும் குழந்தையின் பிறந்தநாளுக்கு வந்த கினிப்பன்றி. மூன்றிலும் கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரே ஒரு ஜீவன்.

பன்றி என்பது பெயரளவில்தான். வாலில்லாமல், ஏறக்குறைய ஒரு கிலோ எடையில், எலி இனத்தைச் சேர்ந்த சாதுப் பிராணி. 1954 வரை புதுச்சேரியை ஆண்டவர்களின் பாஷையில் இதற்கு 'இந்தியப் பன்றி' என்று பெயர். அமெரிக்காவையும் இந்தியா என்றழைத்த காலத்துக் குழப்பம்! உண்மையில் இதன் ஊர் ஆண்டீஸ் மலை. பெரு நாட்டுக் குடியானவர் வீட்டு அடுக்களைத் தரையில் கும்பலாக ஓடித் திரிந்து, வீசிப் போட்ட தழையைத் தின்று வளரும். கடைசியில் அதை அவர்கள் தின்றுவிடுகிறார்கள், வாஸ்தவம். ஆனால் சாகும்வரை கூட்டத்தோடு இருக்கவிடுகிறார்கள். நாமோ ஜீவகாருண்யக்காரர்கள், தின்பதில்லை, தனிமைச் சிறையில் வைக்கிறோம்.

"மடியில் வைத்தால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, எவ்வளவு பிரியம்!" என்கிறார்கள். பழகிய கையை அது அறியும், மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தென்று தோன்றினால் அசையாமல் உறைந்துபோவதும் அதன் சுபாவம்தான். பிரியம் எது, பீதி எது என்று பார்க்கப் பொறுமை வேண்டாமா?

ஜெர்மனியில் மூன்ஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த நார்பெர்ட் சாக்ஸர் இந்தப் பிராணிகளைப் பல வருஷம் ஆராய்ந்தவர். புது இடத்தில் ஓர் ஆணைத் தனியாக விட்டால், ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறுகிறது. உடம்பு கலவரப்படுகிறதற்கு அடையாளம் அது. தன்னோடு வாழ்ந்த துணை பக்கத்தில் இருந்தால் அந்த ஏற்றம் வெகுவாகக் குறைகிறது. முன்பின் தெரியாத பெண்ணைக் கொண்டுவந்து விட்டால் அப்படிக் குறைவதில்லை! ஆக, ஏதோ ஒரு உடம்பு பக்கத்தில் கிடந்தால் போதாது. அது தனக்குத் தெரிந்த உடம்பாக இருக்கவேண்டும்.

"இரண்டு ஆண்களைச் சேர்த்துப் பார்த்தோம் சார், ரத்தம் வரக் கடித்துக்கொண்டன. அதன் குணமே அப்படி!"

குணமா? அந்த இரண்டும் எப்படி வளர்ந்தன என்று கேட்டீர்களா? பெரிய கூட்டத்தில் வளரும் ஆண்குட்டியைப் பருவம் வருகிற காலத்தில் மூத்த ஆண்கள் மிரட்டி ஒதுக்குகின்றன. எங்கே பணிவது, எங்கே விலகுவது என்று அது அப்போது கற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் அந்நிய ஆணைச் சந்தித்தாலும் பெரிய சண்டையில்லாமல் சமாளிக்கிறது. தனியாக வளர்ந்ததற்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை, கடிக்கிறது. கூட்டம் பெருத்தால் அது தானாகவே சிறு குழுக்களாகப் பிரிகிறது. ஒரு குழுவின் ஆண் இன்னொன்றின் ஜோடியில் குறுக்கிடாது. இத்தனை ஒழுங்கு தெரிந்த ஜாதியைப் பாடம் படிக்கவிடாமல் அடைத்துவைத்துவிட்டு, முரடு என்று பட்டமும் கட்டுகிறோம். பேஷ்!

இரண்டு வாங்கினால் இருபதாகுமே என்ற பயம் நியாயமானது. ஆணும் பெண்ணுமாக வாங்கினால் நிச்சயம் ஆகும்.

ஸ்விட்ஜர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியை ஒற்றையாக வளர்ப்பது சட்டவிரோதம். ஜோடியில் ஒன்று செத்துப்போனால், மிஞ்சியதற்கு வாடகைக்குத் துணை கொடுக்கிறவர்கள்கூட அங்கே தோன்றினார்கள். இதைச் சொன்னால் இங்கே சிரிக்கிறார்கள். வாடகையெல்லாம் வேண்டாம் ஐயா! வாங்குகிற அன்றே, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண்குட்டிகளாகக் கேட்டு வாங்குங்கள். பால் பார்க்கத் தெரிந்த மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கூண்டையும் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள்.