கொடுப்பது சுலபம், கொண்டு சேர்ப்பதுதான் கஷ்டம்!



புயலோ வெள்ளமோ வந்துவிட்டால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கலெக்டர் என்னதான் செய்யறார்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்று நாம யோசித்திருக்கிறோமா?

2004 டிசம்பர் 26 சுனாமியை எடுத்துக்கொள்வோம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லாரி லாரியாக உதவி வந்தது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கின. அப்புறம் என்ன பிரச்சினை என்கிறீர்களா? பிரச்சினையே அங்கேதான்!

யாரும் கேட்காத பழைய துணிகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. எளிதில் போகக்கூடிய ஊர்களுக்கே உதவி திரும்பத் திரும்பப் போனது. படகை இழந்தவருக்குப் படகு கிடைத்தது. ஆனால் கூடையில் மீன் விற்ற அம்மாவுக்கும், கடல்நீர் ஏறிய வயலில் கூலி வேலை செய்தவருக்கும் உதவி தாமதமாகத்தான் போனது. ஏன்? உடைந்துபோனது என்று காட்ட அவர்களிடம் ஒரு பொருளும் இல்லையே!

வருவாய்த்துறை, மீன்வளத்துறை, மின்வாரியம், சுகாதாரத்துறை என்று ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனி ஃபைல். தொண்டு நிறுவனங்களோ கலெக்டரின் ஊழியர்கள் இல்லை. அவர்களைப் பேசித்தான் சேர்க்கணும். அவசரமாகக் கொடுத்தால் பட்டியலில் பெயர் விட்டுப்போகும். சரிபார்த்துக் கொடுத்தால் "லேட்" என்று திட்டு விழும்.

நாகையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2005 ஜனவரியில் தொண்டு நிறுவனங்களுக்கென்று ஒருங்கிணைப்பு மையம் தொடங்கினார்கள். எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே என்ன குறை என்ற தகவல் ஒரே இடத்தில் சேர்ந்தது. அதே 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் வந்தது. அதன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. தண்ணீர் வந்த பிறகு பட்டியல் எழுத உட்கார்ந்தால் ஏழை பெயர்தான் முதலில் விட்டுப்போகும். அதனால் கூலித் தொழிலாளி, வாடகை வீட்டுக்காரர், தனியாக வாழும் பாட்டி என்று எல்லார் பெயரும் உள்ள பட்டியலை முன்பே எழுதி, வருஷா வருஷம் கிராம சபையில் வாசிக்கணும் என்பது என் கருத்து. விட்டுப்போன பெயரை ஊர்க்காரர்களால்தான் கண்டுபிடிக்க முடியும்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பள்ளியில் நிவாரணம் சேர்க்கும் முன், தலைமையாசிரியர் மூலமாகக் கலெக்டர் ஆபீஸில் "என்ன வேணும்?" என்று கேட்போம். அதை மட்டும் கொடுப்போம். நம் பீரோவைக் காலி செய்வதற்குப் பெயர் உதவி இல்லை, நண்பர்களே!