பார்ப்பதற்கு ஒன்றுமில்லையா?

ஊர் காண்டல் தமிழர்க்குப் புதியதன்று. தலயாத்திரை செய்தாரும், தீர்த்தமாடச் சென்றாரும், பொருள் தேடிப் பட்டினந்தோறும் போனாரும் தாம் கண்டவற்றைத் திரும்பி வந்து தம் ஊரார்க்கு எடுத்துரைத்தனர். இக்காலத்தில் அஃது உல்லாசப் பிரயாணம் எனப் பெயர் பெற்று, நாடுகளுக்கு வருவாய் தரும் பெருந்தொழிலாயும் வளர்ந்துவிட்டது. அத்தொழிலின் நன்மை தீமைகளை ஆராய்வது ஈண்டு என் கருத்தன்று. ஓரூரிற் பிறந்து வாழ்வார்க்கு அவ்வூரைப் பிறர்க்குக் காட்டும் தகுதி எவ்வாறு உண்டாகின்றது என்னும் வினா ஒன்றையே, நம் கல்லூரி விழாமலரின் வாயிலாகப் பழைய மாணவர், இன்றைய மாணவர், ஆசிரியர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

இவ்வினாவை என்னுள் எழுப்பியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை மூதூர் இறங்குதுறைக்கு அண்மையில் என் மாணவன் ஒருவனோடு நின்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்த முதியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "தம்பி, இந்த ஊரிலே பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று அவனை வினவினார். அவன் சிறிதும் தயங்காது, "இங்கே ஒன்றுமில்லை ஐயா. திருக்கோணமலைக்குப் போனால் கோணேசர் கோயில் பார்க்கலாம்" என்று விடை கூறினான். முதியவரும் நன்றி கூறிப் போய்விட்டார்.

அம்மாணவன் படிப்பில் மந்தனல்லன். என் பாடத்தில் உயர்ந்த புள்ளி பெறுபவன். ஐந்திணைகளின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பிழையின்றி ஒப்புவிக்க வல்லவன். நெய்தலும் மருதமும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் நிலத்தில் நின்றுகொண்டே, இங்கு ஒன்றுமில்லை என்று அவன் சொன்னான் என்றால், குற்றம் அவனதன்று. அவனுக்குத் திணையைப் புத்தகத்திற் காட்டி, நிலத்திற் காட்டாது விட்ட என்னுடையதேயாம். அன்று தொடங்கி அவ்விடை என் செவியை விட்டு அகலவில்லை.

அவன் ஒன்றுமில்லை என்ற இடத்தில் உள்ளது யாது? கொட்டியாரக்குடா. மத்திய மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, இத்தீவின் ஆறுகளுள் மிக நீண்டதாய் விளங்கும் மகாவலி கங்கை கடலொடு கலக்குமிடம் இக்குடாவே. அதன் கிளையொன்று பிரிந்து வெருகலாறு எனப் பெயர் பெற்று, சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டருளும் வெருகற் பதியை அணைந்து தெற்கே கடலையடைகின்றது. குடாவின் வடபாற் கோணேசர் மலை. வடமேற்கில், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென எண்ணப்படும் உள்துறைமுகம். கிழக்கு முனையில் ஆங்கிலேயர் கட்டிய பழைய வெளிச்சவீடு. தென்பால் மூதூர், கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் முதலாய ஊர்கள். கடலின் அடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கொன்று கரைக்கு மிக அண்மைவரை வந்து நிற்கின்றது. ஆழ்கடலுக்குரிய நீலத்திமிங்கிலங்களைக் கோணேசர் மலையில் நின்றவாறே காணக் கூடியதாயிருப்பதும் இதனாலேயாம். மகாவலிக் கரையிலிருந்த கரைசைத் தலத்தின் பெருமையைப் பாடத் திருக்கரைசைப் புராணம் எனத் தனி நூலே எழுந்தது. அந்நூலின் பெயரையேனும் அறிந்த மாணவர் எம்மிடையே எத்துணையர்?

இனி, மூதூரின் பெயரை உலகறியச் செய்த ஒருவரின் வரலாற்றைக் கூறுவேன். 1659 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மசூலிப்பட்டினத்தில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடக் கொட்டியாரத்துக்கு வந்து நங்கூரமிட்டபோது, 1660 ஏப்பிரலில், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடைய ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகன் உரொபேட்டு நொக்சையும், வேறு மாலுமிகளையும் சிறைப்பிடித்துச் சென்றனர். மகனுக்கு அப்போது வயது 19. தந்தையார் அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்துபட்டார். மகன் கண்டி நாட்டில் மொத்தம் 19 ஆண்டுகளுக்கு மேற் கழித்து, 1679 இல் தப்பியோடி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் இலண்டனில் அவர் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூல், அந்நாட்டார் உழுத முறை, நெல் விளைத்த முறை, உண்ட உணவு, வழங்கிய நீதி, கொண்டாடிய விழா ஆகிய யாவற்றையும் விரித்துரைப்பது. 1719 இல் வெளிவந்த உரொபின்சன் குரூசோ கதைக்கும் இந்நூல் ஓரளவு துணைசெய்தது என்று அறிஞர் கருதுவர். நொக்ஸ் பிடிபட்ட புளியமரம் நின்ற இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் மூதூரில் உண்டு. ஊர் காண வந்த முதியவர்க்கு வழிசொன்ன என் மாணவன் அக்கல்லுக்கு அண்மையிலேயே வளர்ந்தவன்.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருஞானசம்பந்த சுவாமிகள் கோணமாமலையை நேரே வந்து கண்டாரல்லர். இராமேச்சுரத்தில் நின்றே பதிகம் அருளினார் என்பது மரபு. நொக்ஸ் விரும்பி வந்தாரல்லர். சிறைப்பட்டு, கண்டதை எழுதினார். காணாதவர் பாடினார், காண விரும்பாதவர் எழுதினார். நாளும் கண்டுகொண்டு வாழும் நாமோ பாடவுமில்லை, எழுதவுமில்லை, கேட்டார்க்குச் சொல்லவுமில்லை.

திருக்கோணமலையின் கதையும் இதனையே உணர்த்துகின்றது. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போத்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். மறைந்தது மறைந்ததாகவே போயிற்று என்றிருந்த காலத்தில், 1950 இல் கிணறு வெட்டியவிடத்துப் பழைய தெய்வத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் ஆதர் கிளாக்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியிற் கடலுட் சுழியோடிப் பழைய கோயிலின் கற்களைக் கண்டனர். 1963 இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று கோணேசரைத் தரிசிக்க வருவோர் கோட்டைவாயிலூடாகத்தான் செல்கின்றனர். அச்சுவரின் கல்லொன்றைச் சுட்டி, "இது கோயிற் கல்" என்று சொல்வாரிருந்தால் அச்சுவரே ஒரு புராணமாகும். இல்லையேல் அது வெறுஞ்சுவர். காட்சியை உண்டாக்குவது கண்ணன்று, அறிவே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பிற நாட்டார் இவ்வகையில் என்ன செய்கின்றனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். தென்னமெரிக்காவில், பிறேசில் நாட்டின் அமேசன் காட்டிடையே மனௌஸ் என்னும் ஆற்றுத் துறைமுக நகர் ஒன்றுண்டு. கடலுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலிருந்தும் கடற்கப்பல்கள் அந்நகருக்கு வருகின்றன. இறப்பர்ச் செல்வத்தாற் கொழித்த நாளில், 1896 இல், அந்நகரார் மாபெரும் இசையரங்கொன்றைத் திறந்தனர். அமேசன் காட்டின் இறப்பர் விதைகள் 1876 இல் இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கு முளைத்த கன்றுகள் நம் நாட்டுக் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் பெருகவே மனௌசின் செல்வம் வற்றியது. இசையரங்கு இன்றும் நிற்கின்றது. ஆயினும் அந்நகரார் விருந்தினரை விருப்போடு அழைத்துச் செல்வது வேறோரிடத்துக்கு. கரிய நீரையுடைய நீக்ரோ ஆறும், சேற்றுநிறங்கொண்ட சொலிமோயிசு ஆறும் கூடுமிடத்தில் இரு நீரும் கலவாது பல கிலோமீற்றர் தூரம் அருகருகே ஓடுகின்றன. படகில் ஏற்றிச் சென்று அதனைக் காட்டுகின்றனர். இரு நீரின் வெப்பமும் வேகமும் அடர்த்தியும் வேறாதலே காரணமென விளக்குகின்றனர். இக்காட்சிக்காக அவர்கள் கட்டியது ஒன்றுமில்லை. தம் ஆற்றை அறிந்தனர், அவ்வளவே.

நம் குடாவிலும் இத்தகைய காட்சி உண்டு. நான் சிறுவனாயிருந்த காலத்தில் மூதூரிலிருந்து திருக்கோணமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் மோட்டார் வள்ளத்திலேயே குடாவைக் கடப்பர். மாரியிற் கங்கை பெருகுங்கால், நீலநீரிடையே செந்நீர் நாடா விரித்தாற்போல நெடுந்தூரம் செல்லும். வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு அதனைப் பார்த்திருந்த என்னிடம், "அது மலைநாட்டு மண்ணடா மகனே; நம் வயலுக்குப் பசளை" என்று என் அருகிலிருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் சொன்னார். புவியியற் பாடம் எனக்குத் தொடங்கியது அன்றே என்பேன்.

அந்நாளைப் புகழ்ந்து இந்நாளை இகழ்வது என் நோக்கமன்று. தரைவழியே செல்வார் துறைதோறும் 'பாதை' என நாம் வழங்கும் மிதவைக்குக் காத்திருந்த துன்பத்தை அனுபவித்தார் அறிவர். 2009 இல் 396 மீற்றர் நீளமுடைய கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. அவை பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. 2021 நவம்பரிற் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறார் உயிரிழந்த கொடுமையை நினைப்பார், பழைய துறைகளை அழகென்று மட்டும் பேசார். ஊர் காண்டல் என்பது இவற்றையும் காண்டலே. ஆற்றின் அழகைக் காட்டுவான், அவ்வாற்றைக் கடந்து பள்ளி செல்லும் பிள்ளையின் இடரையும் காட்டுதல் வேண்டும்.

இவ்வறிவு இன்று அருகிவருதற்கு நம் சோம்பல் மட்டும் காரணமன்று. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை கரையூர்களை அழித்தது. 2006 இற் போரினால் மூதூர்ப் பகுதியினின்றும் தமிழரும் முஸ்லிம்களும் உடுத்த உடையோடு வெளியேறினர். சம்பூர் மக்களுட் பலர் தம் காணியை மீண்டும் மிதித்தற்கு 2015, 2016 ஆம் ஆண்டுகள் வரை காத்திருந்தனர். பத்தாண்டு முகாமில் வளர்ந்த பிள்ளை தன் ஊர்க் குளத்தின் பெயரையும், வயல்வெளியின் பெயரையும், கோயில் வீதியின் திருப்பத்தையும் எங்ஙனம் அறியும்? சொல்லத்தக்க பாட்டனார் பலர் அவ்விடைக்காலத்திலேயே மறைந்தனர். எஞ்சியோரும் முதுமையெய்திவிட்டனர். பெயர் மறந்த நிலம் பாதி இழந்த நிலமாகும். ஆதலின் நான் பேசுவது பொழுதுபோக்கைப் பற்றியன்று; நம் உடைமையைப் பற்றியதாகும்.

"பரீட்சைக்கு இவை வருமா?" என்று பெற்றோர் கேட்பர். வாரா என்பதை ஒப்புகின்றேன். ஆனால், கண்டு கேட்டு ஆராய்ந்த ஒன்றைப்பற்றி எழுதப் பழகிய மாணவன் எந்தக் கட்டுரை வினாவுக்கும் அஞ்சமாட்டான் என்பது என் வகுப்பறை அனுபவம். "வெளியார் மிகுதியாக வந்தால் ஊர் கெடாதா?" என்று வேறு சிலர் கேட்பர். நியாயமான அச்சமே. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில், வருவோர் காலடி பட்டு முருகைக்கற்கள் சிதைவதை நாம் அறிவோம். ஆயின் காப்பவன் யார்? இன்னது இத்தன்மைத்து என்று அறிந்தவனே காப்பான். அறியாதவன் விற்பான், அன்றேற் பிறர் அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

என் வேண்டுகோள் மூன்றே. முதலாவது, நம் பள்ளிகளின் கல்விச் சுற்றுலா நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் செல்வதன்முன், ஒருமுறையேனும் கொட்டியாரக்குடாவைச் சுற்றி நடப்பதாகுக. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் கைவைத்துப் பார்த்து, அவற்றின் வெப்பம் வேறுபடுவதைத் தானே அளந்தறியும் பிள்ளைக்கு அதுவே விஞ்ஞானம். இரண்டாவது, மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் முதியவர் ஒருவரிடம் இடப்பெயரும், துறைக்கதையும், விழா வழக்கும் கேட்டெழுதுவாராக. தமிழ்க் கிராமத்தார் மாத்திரமன்றி முஸ்லிம் கிராமத்தாரிடமும், சேருவிலைச் சிங்கள மக்களிடமும் கேட்டெழுதல் வேண்டும். குடா ஒன்றே, கதைகள் பல. மூன்றாவது, பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழாவாண்டின் நினைவாக, அவ்வாறு திரட்டப்பட்டவற்றைச் சரிபார்த்துக் கைந்நூலாக மும்மொழியிலும் வெளியிடுவாராக. மண்டபங்களும் வாயில்களும் கட்டித் தந்த கைகளுக்கு இது பெருஞ்செலவன்று. கடல் கடந்து வாழும் அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் விடுமுறைக்கு இங்கு வரும்போது அவர் கையில் முதலிற் கொடுக்கத்தக்கது இந்நூலேயாகும்.

நானும் என் கடனைத் தொடங்கியுள்ளேன். இவ்வாண்டு நெய்தற்றிணையைக் கற்பிக்கும் நாளில், வகுப்பைப் பூட்டிவிட்டு மாணவரை இறங்குதுறைக்கு அழைத்துச் சென்றேன். கடலைப் பார்த்து அவர்கள் கேட்ட வினாக்களுட் பலவற்றுக்கு எனக்கே விடை தெரியவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவரே அன்றைக்கு எங்கள் எல்லோர்க்கும் ஆசிரியரானார்.

நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க. அவள் மக்கள் தம் மண்ணை அறிந்தோராய் விளங்குக. இனியொருநாள் வழிப்போக்கர் ஒருவர் வண்டியை நிறுத்தி, இந்த ஊரிலே பார்க்க என்ன இருக்கு என்று வினவும்போது, நம் மாணவன், "இறங்குங்கோ ஐயா, நானே நடந்து காட்டுகிறேன்" என்று சொல்வானாக.