சீனியர் இல்லாத துறை

கல்லூரிகள் திறக்கும் பருவம். பெட்டியும் பையுமாக ரேணிகுண்டாவில் இறங்குகிற எல்லோரும் திருமலைக்குப் போகிறவர்கள் அல்லர். ஏர்ப்பேடு பக்கம் இருக்கும் திருப்பதி ஐஐடிக்கும், ஐசர் என்கிற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகிற பிள்ளைகளும் உண்டு. இரண்டுமே 2015இல் தொடங்கியவை.

ஐஐடி வகுப்புகள் முதலில் நடந்தது ரேணிகுண்டா சாலையில், ஒரு தனியார் கல்லூரி வளாகத்தில். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என நான்கு துறைகள். சென்னை ஐஐடி கைப்பிடித்து வழிகாட்டியது. பேராசிரியர்களை அனுப்பலாம், பாடத்திட்டத்தைக் கொடுக்கலாம். சீனியர்களை எங்கிருந்து கொண்டுவருவது? எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் போதும், இன்டர்னலில் கோட்டைவிட்டால் யாரைப் போய்ப் பார்ப்பது என்று சொல்ல அந்த முதல் பேட்ச்சுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. பக்கத்திலேயே திருப்பதியில், 1954 முதல் இயங்கும் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் விடுதி வராந்தாவிலேயே கைமாறிவிடும்.

சீனியர் என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்த காலமும் உண்டு. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ஆந்திராவிலும் அதே 1997இல். முதலாண்டு மாணவர்களுக்குத் தனி விடுதி வேண்டும் என்றன யூஜிசியின் 2009ஆம் ஆண்டு விதிகள். மறுபேச்சுக்கு இடமில்லாத முடிவு. ஆனாலும் மூத்தவரும் இளையவரும் பயமில்லாமல் உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டுமே? துறை மன்றத்தைத் தவிர வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை.

மன்றம் என்றால் நம் ஊரில் பெரும்பாலும் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குரூப் போட்டோ. ஆண்டுக்கு ஒரு சிம்போசியம் நடத்திவிட்டு ஆபீஸ் பேரர்கள் சான்றிதழோடு கலைந்துவிடுவார்கள். நான் சொல்வது வேறு. பரீட்சைக்கு முந்தின வாரம் மூன்றாம் ஆண்டு மாணவி முதலாண்டுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டும். தன் ஆராய்ச்சி எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பிஹெச்டி மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தெலுங்கும் இந்தியும் புழங்கும் வகுப்பில் வாய் திறக்காத ராணிப்பேட்டைப் பையன், “எனக்கு இது புரியலை” என்று அங்கே கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். பேராசிரியர் வந்தால் கடைசி வரிசையில் உட்காரட்டும். (வராமலே இருந்தால் இன்னும் நல்லது என்று மாணவர்கள் முணுமுணுப்பது கேட்கிறது!)

உங்கள் துறையில் மாணவர்களே நடத்தும் மன்றம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பொன்னாடைப் படங்கள் வேண்டாம். போன மாதம் எதற்காகக் கூடினீர்கள், யார் யார் வந்தார்கள், டீக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று எழுதினால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்