யார் வீட்டுச் சொத்து?

பழைய கள், புதிய மொந்தை என்று எள்ளி நகையாடுவோர் கள்ளை இறக்கியவன் யார் என்று கேட்பதில்லை. இக்கேள்வியையே நாம் இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்துச் சிற்றூரான பிராங்கன்மூத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 2017ஆம் ஆண்டில் தமது முதல் இசைத்தட்டுக்களுடன் றொக் இசை அரங்கில் அறிமுகமாயினர். மூவர் கிஸ்கா குடும்பத்துச் சகோதரர். முரசு முழக்குபவர் அவர்தம் நண்பர். குழுவின் பெயர் 'கிறெற்றா வான் பிளீற்'. முதன்முறை கேட்டபோது நாம் திகைத்தோம். உச்சத்தில் கிழிபடும் குரல், அதனைத் துரத்தும் கிற்றார், இடியென இறங்கும் முரசு யாவும் 1968இல் இலண்டனில் தோன்றிய 'லெட் செப்பெலின்' குழுவையே நினைவூட்டின. திகைப்பு அடங்கியதும் மகிழ்ந்தோம். இயந்திரங்கள் தாளத்தை வார்த்துக் கொடுக்கும் காலத்தில், நால்வர் தம் கையாலும் தொண்டையாலும் உழைப்பதைக் கேட்பது இன்பமே.

விமர்சகப் பெருமக்கள் மகிழவில்லை. 2018இல் வெளிவந்த இவர்களது முதல் முழுநீள இசைத்தொகுப்புக்கு 'பிட்ச்போர்க்' என்ற இணைய ஏடு பத்துக்கு 1.6 புள்ளி வழங்கியது! (முந்திய தொகுப்பு மறு ஆண்டே சிறந்த றொக் தொகுப்புக்கான கிறாமி விருதைப் பெற்றது வேறு கதை; விருதுகளைக் கொண்டு கலையை அளப்பவரல்லர் நாம்.) நகல், போலி, செப்பெலினின் சொத்தைச் சூறையாடியவர் என்றெல்லாம் கூச்சல் எழுந்தது.

செப்பெலினின் சொத்தா? 1969இல் அக்குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித்தந்த 'ஹோல் லொட்டா லவ்' என்ற பாட்டின் வேர் எங்கே கிடக்கிறது? மிசிசிப்பியில் பிறந்து சிக்காகோவில் வாழ்ந்த கறுப்பினக் கவிஞர் வில்லி டிக்சன் எழுத, மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டிலே கிடக்கிறது. டிக்சன் 1985இல் வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 1987இல் அது இணக்கத்தில் முடிந்தது. பாட்டாசிரியர் வரிசையில் அவர் பெயர் ஏறியது அதன் பின்னரே.

இன்னொன்றையும் கூறுவோம். 1927இல் மிசிசிப்பி பெருக்கெடுத்தபோது, கறுப்பின உழைப்பாளிகள் துப்பாக்கி முனையில் அணைக்கரைகளில் வேலை வாங்கப்பட்டனர். அவ்வெள்ளத்தை மெம்பிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோவும் 1929இல் பாடி இசைத்தட்டில் பதித்தனர். செப்பெலின் குழு 1971இல் அதனை எடுத்தாண்டது. மின்னியின் பெயரை அவர்கள் மறைக்கவில்லை. அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் வறுமையில் வாடி 1973இல் மறைந்த அவ்வம்மையாரின் புதைகுழிக்கு ஒரு கல் நாட்டப்பட்டது 1996இலேதான். அந்தக் கல்லைப் பற்றி எத்தனை விமர்சகர் எழுதினர்? இலண்டன் கனவான்கள் எடுத்தால் அது 'மேதைமை'. மிஷிகன் பையன்கள் எடுத்தால் 'களவு'! இவ்விரட்டை நாக்கையே நாம் சாடுகிறோம்.

அதற்காக இளைஞர்களுக்கு நாம் மாலை சூட்டவும் வரவில்லை. 2017ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் அவர்கள் சாம் குக் 1964இல் வெளியிட்ட 'எ சேஞ்ச் இஸ் கொனா கம்' என்ற பாட்டைப் பாடியிருக்கிறார்கள். வெள்ளையருக்கு மட்டுமான விடுதியின் வாசலிலிருந்து 1963இல் திருப்பி அனுப்பப்பட்ட மனிதனின் பாட்டு அது. அதனைத் தேர்ந்தெடுத்த செவி நல்ல செவி. ஆனால் அவர்களே எழுதிய பாட்டுக்களில் நாம் கேட்டவற்றில் மலையும் காற்றும் ஒளியும் அமைதியுமே மிகுதி, மனிதர் குறைவு. உருவத்தைக் கடன் வாங்கியது குற்றமன்று. உள்ளடக்கம் எங்கே என்பதே எமது கேள்வி.

அவர்கள் ஊருக்கு அணித்தே பிளின்ற் நகரம் இருக்கிறது. ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் 1936ஆம் ஆண்டின் இறுதியில் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, 44 நாட்களில் தம் சங்கத்தை முதலாளிகள் ஏற்கச் செய்த நகரம். செலவைக் குறைக்கவென்று 2014இல் குடிநீரின் மூலத்தை மாற்றிய அதிகாரிகளால் குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறிய நகரமும் அதுவே. மின்னி வெள்ளத்தைப் பாடினார். குழாயில் வந்த நஞ்சைப் பாடுவதற்கு அந்தக் குரலும் கிற்றாரும் போதுமானவை. அடுத்த இசைத்தட்டை நாம் அந்த எதிர்பார்ப்புடனேயே கேட்போம்.